தில்ஷாத்தின் பல் ஏன் வெளுக்கவில்லை

கௌஸ் மொய்தீனுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. ஓசூரில் பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்யும் ஒரு கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்ப்பவர். டேங்கைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றை ஏற்றுவார்; எங்காவது குமிழி கிளம்பினால் தீர்ந்தது, அந்த டேங்க் வெளியே போகாது. அவர் கண்ணுக்குத் தப்பிய குமிழியே கிடையாது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கட்டிய மனைவியின் பல்லிடம் வசமாக மாட்டிக்கொண்டார்.

ஃபிலிம் கேமரா கிறுக்கு தலைக்கேறி, பெங்களூர் பழைய சாமான் கடையில் ஒரு என்லார்ஜர் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மேலே பல்பு, நடுவில் நெகட்டிவ், கீழே தாள். சின்னப் படம் தாளில் பெரிதாக விழும். கொல்லைப்பக்கத்து பாத்ரூம் இருட்டறை ஆனது. ஜன்னலுக்கு அட்டை, கதவிடுக்குக்குப் போர்வை.

முதலில் போட்டது கெலவரப்பள்ளி அணையில் தில்ஷாத் வாய்விட்டுச் சிரித்த படம். அவள் அப்படிச் சிரிப்பதே அபூர்வம். கழுவி எடுத்தால், சாம்பல் அப்பியதுபோல வெள்ளையெல்லாம் மங்கிக் கிடந்தது. பல்லும்தான்.

"என்னாங்க இது, பொகையில போடுறவ பல்லு மாதிரி!"

"என்லார்ஜர்ல வெளிச்சம் லீக் ஆவுதும்மா. சுவத்துல பட்டுத் திரும்பி பேப்பர்ல விழுது. வெளிச்சம் பட்டா இந்தப் பேப்பரு கறுத்துப்போவும்."

"ஊரு லீக்கெல்லாம் புடிக்கிறீங்க, வூட்டு லீக்கு தெரியலையா?" தில்ஷாத் இடுப்பில் கைவைத்தாள். "வெள்ளிக்கெழம வாஷிங் மெஷின் வருது. அதுக்குள்ள என் பல்லு வெள்ளையா வரணும். வரலைன்னா பாத்ரூம் மெஷினுக்கு."

சும்மா விடுவாரா? லென்ஸை மூடிவிட்டு, தாள்மேல் ஒரு நாணயத்தை வைத்து, என்லார்ஜர் பல்பைப் போட்டார். தாளைக் கழுவினால், நாணயம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளை, சுற்றிலும் சாம்பல். சிக்கியது லீக்! எம்-சீலைப் பிசைந்து தலைப்பாகத்தில் இருந்த இடுக்கு, துளை ஒன்று விடாமல் அப்பினார். அதன்மேல் கறுப்பு டேப். மறுபடி சோதித்தால் தாள் பளிச்சென்று வந்தது. நாணயத்தின் அடையாளமே இல்லை.

தலைகால் புரியாத சந்தோஷம். சிரிக்கும் தில்ஷாத்தை உள்ளே செருகி, பல்பைப் போட்டு, சாவகாசமாக ஃபோகஸ் பார்க்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஏதோ ஏறியது.

"தில்ஷாத், அடுப்புல என்ன வெச்ச? கருகுது!"

"அடுப்பே பத்தவெக்கலைங்க!"

யா அல்லாஹ்! பதறிப்போய்த் திறந்தார். நெகட்டிவ் கொப்புளம் கட்டியிருந்தது, சரியாக அவள் முகத்தில். அந்தச் சிரிப்பு போயே போய்விட்டது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தில்ஷாத் வந்து என்லார்ஜரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "பல்பு மேல இருந்த ஓட்டையையுமா அடைச்சீங்க? சூடு எந்தப் பக்கம் போவும்?"

"ஓட்டைன்னா அடைக்கத்தானே வேணும்?"

"பெட்ரோல் டேங்கு மூடியிலயே காத்துக்கு ஒரு ஓட்டை உண்டுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கௌஸ் மொய்தீன் ஒரு கத்தியோடு உட்கார்ந்தார். எம்-சீலைச் சுரண்டி எடுத்தார். கறுப்பு அட்டையை இரண்டு இடத்தில் மடக்கிப் புகைபோக்கிபோல் செய்து, பல்பு மேலிருந்த துளைகளின்மேல் கவிழ்த்தார். காற்று வளைந்து வெளியே போய்விடும். வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது. சோதனைத் தாளும் சுத்தமாக வந்தது.

ஆனால் சிரிப்புக்கு எங்கே போவது? ஃபிலிமில் அவள் இருந்த படம் என்று மிச்சம் அடுத்தது ஒன்றுதான்: "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று உதட்டை இறுக்கிக்கொண்டு தில்ஷாத் முறைக்கிறாள். வேறு வழியில்லை, அதையே போட்டார். வெள்ளிக்கிழமை வாசலில் மெஷின் வண்டி வந்து நிற்க, ஈரம் சொட்டும் படத்தோடு வெளியே வந்தார்.

முக்காட்டின் சரிகைக் கரை தகதகவென்று வெள்ளை. முறைக்கிற கண்ணின் வெள்ளை அதற்கும் மேல். தில்ஷாத் வாங்கிப் பார்த்தாள்.

"பல்லு எங்க?"

"நீ வாயத் தொறந்தாத்தான..."

"நான் இப்பிடியா மொறைக்கிறேன்?"

"எப்பவும் இல்ல. கேமராவ எடுத்தா மட்டும்."

தில்ஷாத் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடக்க முடியவில்லை, பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் முக்காடு நழுவியது. கேமரா உள்ளே அலமாரியில் கிடந்தது.

"அக்கா, மெஷின எங்க எறக்கறது?" வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

"சமையக்கட்டுல வைங்கண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "இதப் பெருசாப் போட்டு வாசக்கதவுகிட்ட மாட்டுங்க. நான் அம்மா வூட்டுக்குப் போயிட்டா உங்கள மொறைக்க ஒரு ஆளு வேணுமில்ல?"