ஐந்தாவது தடி

இதை நான் கட்டிச் சொல்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால் என் குறிப்பேட்டைக் காட்டத் தயார். நீல அட்டை போட்டது. ஷிகோகு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களையும் இரண்டு பிள்ளைகளோடு நடந்தே சுற்றுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே தண்ணீர், எங்கே கழிப்பறை, எந்த ஊரில் குழந்தை மருத்துவர், எந்த விடுதியில் துணி துவைக்கலாம் என்று எல்லாமே இருக்கிறது. இங்கே நான் சொல்லும் நேரங்களும் அன்றைக்கே அதில் எழுதியவைதான். கடைசி மூன்று வரியை மட்டும் என்னாலேயே படிக்க முடியவில்லை. எழுத்து அப்படிக் கோணிப் போயிருக்கிறது.

தொண்ணூறு நாள் பயணம். நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் சின்னவன் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான். சின்னவன் ஹருமாவுக்கு வயது ஆறு. பெரியவள் சிஹோவுக்குப் பதினொன்று. தொண்ணூறு நாள் விடுப்பா என்று பள்ளித் தலைமையாசிரியர் வாயைப் பிளந்தார். என் கணவர் ரியோஹெய் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். ஒகயாமாவில் எங்கள் தெருவே பேசியது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாடப் புத்தகங்களை நான் சுமந்தேன். மாலையில் விடுதியில் ஒரு மணி நேரம் கணக்கும் எழுத்தும் நடக்கும். ஹருமா மட்டும் ஏழு என்ற எண்ணைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டான். எத்தனை முறை திருத்தினாலும் அப்படித்தான் போட்டான்.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதையும் ரொம்பப் பொறுப்பாகச் செய்தேன்.

முதல் கோயிலின் வாசல் கடையில் நான்கு யாத்திரைத் தடிகள் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மணி. பிள்ளைகளுக்குக் குட்டைத் தடி. வாங்கிய கையோடு பேனாவை எடுத்து, தடிகளில் பெயரும் எங்கள் தொலைபேசி எண்ணும் எழுத ஆரம்பித்தேன். பள்ளியில் சேர்த்தபோது கணக்குப் பெட்டியில் இருந்த நூறு குச்சியிலும் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிய அம்மா நான். தடியை விடுவேனா?

கடைக்காரர் பதறிவிட்டார்.

"தடியில எழுதாதீங்கம்மா. துணி உறை தர்றேன், அதுல எழுதிக்கோங்க."

"உறை கழண்டு விழுந்துடுமே?"

"விழுந்தா விழட்டும். அந்தக் காலத்துல நடக்கிற வழியில செத்துப் போனா, அங்கேயே புதைச்சு இந்தத் தடியைத்தான் மேல நட்டு வைப்பாங்க. கல்லறைக் கல்லுக்குப் பதிலா. அதுல போயி உசிரோட இருக்கிற பிள்ளை பேரை..."

ரியோஹெய் சிரித்தார். "சொன்னா கேக்கிற ஆளா இவ? நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என் நெத்தியிலயே எழுதிடுவா."

எழுதினேன். தடித்த எழுத்தில், மழையில் அழியாத மையில். ஹருமா என்று.

இந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. பாலத்தின் மேல் தடியை ஊன்றக் கூடாது. இந்தக் கோயில்களை நிறுவிய மகான் ஒரு பாலத்தடியில் படுத்து உறங்கினாராம். அவர் தூக்கம் கலையக் கூடாது. ஆகவே பாலம் வந்ததும் நாங்கள் நால்வரும் தடியைத் தூக்கி அக்குளில் இடுக்கி, மணியைக் கையால் பொத்திக்கொண்டு பூனை மாதிரி நடப்போம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இன்னொன்று, வழியில் யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு, நம் பெயரும் வயதும் எழுதிய காகிதச் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இருநூறு சீட்டு வீட்டிலேயே எழுதிக் கட்டி வைத்திருந்தேன். அதிலும் முன்யோசனை.

ஐம்பத்தேழு நாள் ஒரு குறையும் இல்லை. சிஹோவின் காலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் நாள், அக்டோபர் 28. நாற்பத்து மூன்றாம் கோயிலுக்கும் நாற்பத்து நான்காம் கோயிலுக்கும் நடுவில் உள்ள மலைப்பாதை. பகல் 2.50க்கு மூடுபனி இறங்கியது.

3.10. யாத்திரைக்காரர்கள் இளைப்பாறும் ஒரு மரக் குடிசை. உள்ளே பெஞ்சின் மேல் ஒரு கூடை ஆரஞ்சு. 'நடப்பவர்களுக்கு' என்று அட்டையில் எழுதியிருந்தது. ஆள் யாரும் இல்லை. பழத்தைத் தின்றுவிட்டு, கூடையில் ஆளுக்கொரு சீட்டு போட்டோம். எண்ணிப் பார்த்தால் மூன்று சீட்டுதான் இருந்தது.

"ஹருமா, நீ போடலையா?"

"குடுத்துட்டேனே."

"யார்கிட்ட?"

"அந்தப் பையன்கிட்ட. குடிசைக்குப் பின்னாடி. அவன்தான் எனக்குப் பழம் குடுத்தான்."

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் வீடே கிடையாது. கடைசி வீட்டைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் வந்திருந்தோம். என் கையால்தான் அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

3.52. முதல் பாலம். சின்னது, சிமெண்டுப் பாலம். நான்கு பேரும் தடியைத் தூக்கி இடுக்கிக்கொண்டோம்.

டொக்... டொக்...

எனக்குக் கோபம் வந்தது. "ஹருமா! பாலத்துல ஊன்றாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் ஊனலையே!"

திரும்பிப் பார்த்தேன். தடியை அக்குளில் இறுக்கி, மணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் அவனுக்கு அப்படித்தான் வரும்.

"எதிரொலியா இருக்கும்" என்றார் ரியோஹெய்.

எதற்கு எதிரொலி? யாருமே ஊன்றவில்லையே. பாதி வழி இறங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தடி ஊன்றும் சத்தம் கேட்டது. மணிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் நான்கு தடியிலும் மணி உண்டு.

4.15. இரண்டாவது பாலம். மரப்பாலம். நடுவில் போய் நான் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினேன்.

டொக்... டொக்... டொக்.

நாங்கள் நின்ற பிறகு மூன்று ஊன்றல். பிறகு அதுவும் நின்றது. ஹருமாவுக்குச் சரியாகப் பின்னால்.

பனியில் ஒன்றும் தெரியவில்லை. சிஹோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... நாம நாலு பேர்தானே?"

"வாயை மூடிட்டு நட."

ரியோஹெய் இந்த முறை எதிரொலி என்று சொல்லவில்லை. ஹருமாவை முன்னால் இழுத்து, அவன் இடது கையை நான் பிடித்துக்கொண்டேன். அவன் தடியையும் நானே வாங்கிக்கொண்டேன். கணவரும் சிஹோவும் பின்னால் வந்தார்கள். இனி எது வந்தாலும் அவர்களைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

4.31. மூன்றாவது பாலம்.

பின்னால் சத்தம் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

டொக்.

பக்கத்தில்... ஹருமாவின் அந்தப் பக்கத்தில்.

டொக்.

அவன் வலது கையைப் பார்த்தேன். அது தொங்கவில்லை. பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. இன்னொரு கையைப் பிடித்திருப்பது போல.

"கையைக் கீழ போடு, ஹருமா."

"போட முடியலம்மா."

"ஏன்?"

"அவன் விட மாட்டேங்கிறான்..."

கத்தியது நான்தான் என்று சிஹோ பிறகு சொன்னாள். ரியோஹெய் பாய்ந்து வந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டார். ஓடினோம். ஐம்பத்தெட்டு நாள் நடந்த கால்கள். அன்றைக்குத்தான் ஓடின.

5.05. விடுதி விளக்கு தெரிந்தது. விடுதியை நடத்தும் தோமிகோ அக்கா வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும், கையில் ஈரத்துணி. வந்ததும் முதலில் தடியின் நுனியைக் கழுவிச் சுவர் மாடத்தில் நிறுத்துவதுதான் இங்கே முறை. தடிகளை அவரே வாங்கிக்கொண்டு போனார். ஹருமாவின் வலது மணிக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. கை மட்டும் சில்லென்று இருந்தது.

6.00. சாப்பாட்டு அறை. மீன் பொரியல், சோறு, பூசணிக் குழம்பு.

ஐந்து தட்டு.

"அக்கா... நாங்க நாலு பேர். நாலு பேருக்குத்தான் சொல்லியிருந்தேன்."

"நானும் அப்படித்தான் குறிச்சிருந்தேன். ஆனா அஞ்சு தடி குடுத்தீங்களே? தடியை எண்ணித்தான் நான் தட்டு வைப்பேன். ஒருத்தர் மெதுவா வர்றாராக்கும்னு நினைச்சேன்."

மாடத்துக்கு ஓடினேன்.

ஐந்து தடிகள் சாய்ந்து நின்றன. நான்கில் பெயர், எண், மணி. ஐந்தாவது ஹருமாவின் தடியை விடக் குட்டை. நடந்து நடந்து நுனி தேய்ந்து, நார் பிரிந்திருந்தது. கைபிடி கறுத்திருந்தது. பெயர் இல்லை. மணி இல்லை.

அதை யார் சுமந்து வந்தோம் என்று எங்கள் நால்வருக்கும் தெரியாது.

அன்று இரவு ஹருமாவை நடுவில் போட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு படுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

காலை 6.10.

மாடத்தில் நான்கு தடிகள்.

போனது ஹருமாவுடையது. தேய்ந்தது அங்கேயே இருந்தது.

தோமிகோ அக்கா அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இனிமே நடக்க வேண்டாம். எட்டு மணிக்குப் பஸ் இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. இதை நான் கோயில்ல சேர்த்துடுறேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக, யாரோ சொன்னதை நான் எதிர்த்துப் பேசாமல் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். ஹருமா பள்ளிக்குப் போனான், சளி பிடித்தது, சரியானது, தம்பி வேண்டும் என்று அடம் பிடித்தான். எல்லாம் பழையபடி ஆனது. ரியோஹெய் புது வேலை தேடிக்கொண்டார். பனியும் களைப்பும் சேர்ந்து எங்களை ஏமாற்றியிருக்கும் என்று மூன்று மாதத்தில் எனக்கு நானே சொல்லப் பழகியிருந்தேன்.

ஐந்து நாளைக்கு முன்னால், ஜனவரி 17, மாலை 4.20க்குத் தொலைபேசி அடித்தது. யாரோ பெரியவர் குரல். அந்த மலைப்பாதையில் புல் வெட்டிச் சுத்தம் செய்கிறவர் என்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுல ஹருமான்னு பிள்ளை இருக்கா?"

"இருக்கான். ஏன்?"

"இருக்கானா? நல்லா இருக்கானா?"

பக்கத்து அறையில் சிஹோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சத்தத்தை அவரே கேட்டிருப்பார். பெருமூச்சு விட்டார்.

"மரப்பாலம் தாண்டினதும் சரிவுல ஒரு தடி நட்டிருக்கு. கீழ கல்லெல்லாம் குவிச்சு, மேடு மாதிரி. தடியில உங்க பிள்ளை பேரும் இந்த நம்பரும் இருக்கு. அதான் கூப்பிட்டேன். கல்லுக்கு அடியில சீட்டு ஒண்ணும் இருக்கு."

"என்ன சீட்டு?"

"யாத்திரைச் சீட்டுதான். பேர் ஹருமா. வயசு ஆறுன்னு எழுதி, அதை அடிச்சிட்டு ஏழுன்னு போட்டிருக்கு. ஏழு திருப்பிப் போட்டிருக்கு. யாரோ சின்னப் பிள்ளை எழுத்து."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பிடுங்கிடவா, இருக்கட்டுமா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருப்பவள் நான். பிடுங்கினால் கீழே இருப்பது எங்கே வரும்? விட்டுவைத்தால் என் பிள்ளை பெயரில் ஒரு கல்லறை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது ஹருமாவிடம் கேட்டேன்.

"குடிசைக்குப் பின்னாடி ஒரு பையன் பழம் குடுத்தான்ல? உன் சீட்டை வாங்கிட்டு என்ன சொன்னான்?"

"படிச்சுக் காட்டச் சொன்னான். அவனுக்குப் படிக்கத் தெரியாதாம். ஹருமா, ஆறு வயசுன்னு படிச்சேன். ஆறு இல்ல, ஏழுன்னு மாத்துன்னான். மாத்திக் குடுத்தேன்."

"யாருக்கு ஏழு? அவனுக்கா... உனக்கா?"

கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"அதை நான் கேக்கலையேம்மா."

அவனுக்கு ஏழு வயது ஆக இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.