கரண்டுக்குத் தூக்கிய கை

அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. போர்வெல் தண்ணீரை நம்பித்தான் குறுவை நட்டிருந்தோம். கதிர் வெளிவரும் நேரத்தில் கரண்டு காலை வாரிவிட்டது. ஆட்சி மாறியும் அது மாறவில்லை. வரும் நேரமும் தெரியாது, போகும் நேரமும் தெரியாது. என் கணவர் மோட்டார் கொட்டகையிலேயே சாப்பிட்டார், அங்கேயே கோபப்பட்டார். வயல் பாளம் பாளமாக வெடித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். தெற்கே கடலோரம் கட்டி முடித்த அணுமின் நிலையத்தை உடனே திறக்கச் சொல்லித் தீர்மானம் போட ஊர் விவசாயிகள் கூட்டம் கூட்டினார்கள். “ஜனங்க பயப்படுறாங்க டீச்சர். நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க” என்றார் விவசாயிகள் சங்கத் தலைவர். சரி என்றேன். எனக்கும் அது திறந்தாக வேண்டும்.

கூட்டத்தன்று காலை, வாடிக்கையாக வரும் மீன்காரம்மா கூடையை இறக்காமலே கேட்டார்.

“திறக்கச் சொல்லப் போறீங்களாமே? எங்க அக்காவ அங்கதாங்க கட்டிக் குடுத்துருக்கு. வாசல்ல நின்னா அந்தக் கட்டடம் தெரியும்.”

“கரண்டு இல்லாம பயிரு சாவுதேம்மா.”

“சாவட்டும்னா சொல்றேன்? எங்க அக்கா புள்ளைங்க அங்க இருக்குன்னுதான் சொல்றேன்.”

எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர், அன்று கேட்கவில்லை.

கூட்டத்தில் நல்லதை முதலில் சொன்னேன். அணுவைப் பிளந்தால் வரும் சூட்டில் தண்ணீர் கொதிக்கும், அந்த ஆவியில் கரண்டு பிறக்கும். வண்டி வண்டியாய் நிலக்கரி எரிக்கும் வேலையைக் கொஞ்சம் யுரேனியம் செய்துவிடும். புகை கிடையாது. காற்றையும் மழையையும் பார்க்காமல் இரவு பகலாக ஓடும். கை தட்டினார்கள்.

“இன்னும் முடிக்கலைங்க” என்றேன். எரித்து முடித்த கழிவு லேசில் அடங்காது, பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் அதைக் காவல் காக்க வேண்டும். விபத்து அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் ஊரையே காலி செய்ய வேண்டியிருக்கும். சலசலப்பு எழுந்தது. நான் விடவில்லை.

“கரண்டு வேணுங்கறவங்க கையத் தூக்குங்க.”

கூட்டம் மொத்தமும் தூக்கியது. முதல் கை என்னுடையது.

“அந்தக் கழிவ வைக்க நம்ம ஊர்ல எடம் குடுக்கறவங்க?”

எல்லாக் கைகளும் இறங்கின. என் கணவர் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“டீச்சர், நீங்க யாரு பக்கம்?” தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“பயிரு பக்கம்தான். தெறக்கணும்னே எழுதுங்க. ஆனா கழிவ எங்க வப்பாங்க, ஆபத்துன்னா அந்த ஊர் ஜனங்க எந்த வழியா வெளியேறுவாங்க, அதச் சொல்லிட்டுத் தெறக்கணும்னு கீழயே எழுதுங்க. எழுதலைன்னா என் கையெழுத்து கெடையாது.”

ஏச்சும் பேச்சுமாக நேரம் போனது. கடைசியில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். அந்தக் குறுவையில் பாதி பதராகத்தான் போனது.

அறுப்பு முடிந்த பிறகே மீன்காரம்மா மறுபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“கழிவுக்கு உங்க ஊர்ல ஒருத்தரும் கையத் தூக்கலையா?”

“இல்லம்மா.”

“நீங்க?”

“நானும் தூக்கல.”

என்னையே பார்த்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தண்ணி குடுங்க” என்றார். நான் சொம்பை எடுக்க உள்ளே போனேன்.