கருப்பசாமி காவலில் ஒரு மனை

இந்த ஊரில் வெயில் காலம் பிறந்துவிட்டால் காரின் தலைமேல் படகு போகிறது. கவிழ்த்துப் போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டி, பால் வாங்க வந்த கடை வாசலில்கூட அப்படியே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கனடா வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்தேன். இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது. போன ஐப்பசி மழையில் மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி என் மைத்துனன் செல்வம் குடியிருக்கும் தெருவிலும், நின்ற கார்களுக்கு மேலே படகு போனது. அது உல்லாசப் படகு இல்லை.

நான் இங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரன். பத்தாவதைத் தாண்டாத படிப்பு. கூட வேலை பார்க்கும் மார்க் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏரிக்குக் கூட்டிப் போய் கயாக்கில் ஏற்றினார். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காரும் ஒடுக்கமான படகு. ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் பக்கம் கண்மாயில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வோம்.

"ரொம்பக் குளிருதா?" என்று கேட்டார் மார்க்.

"இல்லை, கும்பிட்டேன்."

மனிதர் பதறிப்போய் என் மிதவைச் சட்டையை இன்னும் இறுக்கினார். "பயப்படாதே, இங்கே இடுப்பளவுதான்!" பயந்து கும்பிடவில்லை, நம்பிக் கும்பிட்டேன் என்று சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.

அந்த ஐப்பசி மழைக்கு முந்தின வருசம் லீவில் ஊருக்குப் போனபோது செல்வம் மனை காட்ட பைக்கில் ஏற்றிப் போனான். இறங்கிப் பார்த்தால், கல் நட்டு மனை பிரித்துப் போட்ட கண்மாய்! மடையை ஒட்டி நிற்கிற மடைக்கருப்புதான் அந்தத் தண்ணீருக்குக் காவல். அவருக்குப் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் மடைப்பலகையைத் தூக்கித் தண்ணீரை வெளியே விடுவார்கள். கருப்பு நின்றார். மடையைக் காணோம்.

"மாப்ள, மடை எங்கடா?"

"நீங்க நிக்கிற ரோட்டுக்கு அடியில மச்சான். சிமெண்ட்ட ஊத்தி அடைச்சிட்டாங்க. தண்ணி வராத கண்மாய்க்கு மடை எதுக்கு?"

"கருப்ப மட்டும் விட்டு வச்சிருக்காங்க?"

"டைல்ஸ் ஒட்டி, லைட்டுப் போட்டு எம்புட்டுச் செஞ்சிருக்காங்க பாருங்க. நோட்டீஸ்லயே அவரு படந்தான். சாமியே காவல் இருக்காரு, வேற என்ன வேணும்?"

மடையைக் காக்க நிறுத்திய சாமியை மனை விற்க நிறுத்தியிருக்கிறார்கள். வந்தவர்கள் கும்பிட்டு, திருநீறு பூசி, அட்வான்ஸ் கொடுத்தார்கள். வெளிநாட்டில் உழைத்து ஊரில் மனை வாங்கும் அண்ணன்மாரே, சாமி கும்பிடுகிற நம்மைத்தான் அவர்கள் குறி வைக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன். செல்வம் வீடே கட்டிவிட்டான்.

மழை வந்தது. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்து, போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏறியது. செல்வத்தின் பிள்ளைகளை மாடியிலிருந்து ரப்பர் படகில் இறக்கினார்கள். அந்த வீடியோவைச் சமையல்கட்டில் எட்டிப் பார்த்த மார்க், "அட, உங்கள் ஊரிலும் படகு விடுவீர்களா? நன்றாக இருக்கிறதே!" என்றார். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கோபம் அவர்மேல் இல்லை.

போன வாரம் செல்வம் போன் பண்ணினான். "மச்சான், எல்லாம் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. பக்கத்து மனைய விக்கிறாங்க. உங்களுக்கு முடிச்சிருவமா?"

"பிள்ளைகளப் படகுல எறக்குனது மறந்துபோச்சாடா?"

"கருப்பு கோவத்துல இருந்தாரு. அதான் கெடா வெட்டிட்டம்ல."

"கெடா வெட்டுனீங்க. மடையத் தொறந்தீங்களா?"

"ரோட்ட ஒடைக்கச் சொல்றீங்களா? தெருவே திரண்டு என்னய அடிக்க வரும். அங்கிட்டு ஏரியில படகு ஓட்டிக்கிட்டுப் பேசுறது லேசு மச்சான்."

"திருமங்கலத்துப் பக்கமாவது பாருடா."

"அங்க மட்டும் மேட்டுலயா விக்கிறாங்க?" என்று சிரித்தான்.

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தா, "ஊர்ல நமக்குன்னு ஒரு கூரை வேணாமா? கடைசி வரைக்கும் இந்தக் குளிருலயே கெடந்து சாகணுமா?" என்றாள். அவள் இதுவரை என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "தண்ணி போற வழியில எனக்கு வீடு வேணாம்" என்று கத்திவிட்டேன். மடையை அடைத்தவனிடம் கத்த முடியாதவன், கட்டினவளிடம் கத்தினேன். அன்றிலிருந்து சோறு மட்டும் போடுகிறாள், பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கின் கயாக்கை இரவல் வாங்கிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனேன். ஆத்திரம் தீரத் துடுப்புப் போட்டு நடு ஏரிக்கே போய்விட்டேன். கருப்பைக் கும்பிட்டால் தேவலை போலிருந்தது. ஊரில் என்றால் மடைப் பக்கம் திரும்பினால் போதும். இந்த ஏரிக்கு மடையும் இல்லை, கட்டிய கரையும் இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள். துடுப்பை மடியில் வைத்துக் கைகூப்பினேன். நான் ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட, காற்று கயாக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது.