சித்தி மாட்டுக்குள் போன காந்தம்

டாக்டரம்மா பையிலிருந்து முதலில் எடுத்தது ஊசியை அல்ல, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு காந்தத்தை. ஆமத்தூரில் சித்தியின் மாட்டுத் தொழுவத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். அதுவரை மாட்டுக்குக் கண் திருஷ்டிதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வாயை மூடிக்கொண்டார்.

சித்திக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை. சீசனில் வைக்கோலுக்கு அலைய நேரமிருக்காது. கம்பெனியில் வெட்டிக் கழிக்கும் காகிதத் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து தவிட்டோடு பிசைந்து வைப்பாள். சுவரொட்டி தின்னாத மாடு சிவகாசியில் ஏது? ஆனால் அந்தச் சினைமாடு திடீரென்று தீனியைத் தொடவில்லை. முதுகை வளைத்து நின்றது. அசைபோடுவதை அடியோடு நிறுத்திவிட்டது. மாட்டோடு வயிற்றுக் கன்றும் போய்விடுமோ என்று சித்தி கலங்கிப்போனாள். நான்தான் பைக்கில் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

அவர் மாட்டின் நெஞ்சுக்குக் கீழே முட்டியால் அழுத்தினார். மாடு முனகியது.

"காயிதம் செரிச்சிரும்க்கா. அதோட வந்த கம்பிப் பின்தான் செரிக்காது."

பிறகு நிதானமாக விளக்கினார். மாடு நம்மைப்போல் மென்று விழுங்குவதில்லை. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, ஓய்வாகப் படுக்கும்போது அதையே உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். முதல் வயிற்றிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாரைப் புளிக்கவைத்துக் கொடுக்கும். கம்பியோ மேலே வராமல், தேன்கூடு போலிருக்கும் இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். வயிறு சுருங்கும்போதெல்லாம் குத்தும். அதை ஒட்டித்தான் இருதயம்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையாலேயே கம்பியை ஊட்டியிருக்கேனே!"

"இருதயத்துக்குப் போயிருக்காதுன்னுதான் நினைக்கேன். காந்தம் உள்ளே கிடந்து கம்பியைப் பிடிச்சு வச்சுக்கிடும். மாடு அசைபோட்டுச்சுன்னா பயமில்லைக்கா."

காந்தத்தை நாக்குக்கு அப்பால் தள்ளி விழுங்கவைத்தார். ஊசியும் போட்டார். கம்பி இருதயப் பக்கம் நகராமலிருக்க, முன்னங்கால்கள் உயரமாக இருக்கும்படி பலகை போடச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியிலிருந்து ஆர்டர் நிற்கிறது என்று போன் வந்தது. சித்தி போனை வைத்துவிட்டுப் பலகை தேடப் போனாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அன்று வயிற்றிலிருந்த கன்று இன்று கறவைப் பசு. அதன் தொட்டியில் காகிதம் விழுவதே இல்லை. எனக்கு மறக்காதது மறுநாள் சாயங்காலம்தான். மாட்டின் கழுத்தில் கீழிருந்து ஓர் உருண்டை மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் மெல்ல அரைக்க ஆரம்பித்தது. சித்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, பசிக்குதுலே. அடுப்படியில சோறு இருக்கான்னு பாரு."