மஞ்சள் பூசிய குட்டிகள்

சந்தனமாரி அறுப்புக் காலத்தில் வயலுக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் பன்றிகளோடுதான். ஆழ்வார்குறிச்சிக்கு ரயில் வந்த பிறகும் அவள் அதில் ஏறிப் பார்த்ததில்லை. ஏறிப் போய்விட்டால் பன்றிக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்பாள்.

குட்டிகளைப் பால் மறக்கடிப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. தாயைத்தான் வேறு கொட்டிலுக்கு ஓட்டுவாள். குட்டிகள் பழைய இடத்திலேயே கிடக்கும். ஓரிரு நாள் தொண்டை கிழியக் கத்தும், தாய் படுத்த வைக்கோலை முகரும், ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கும். பிறகு பசி தாங்காமல் தவிட்டுக் கஞ்சியில் மூக்கை வைத்துவிடும்.

அந்த ஆண்டு மட்டும் கொஞ்சம் மாற்றிச் செய்தாள். புருஷன் மாடக்கண்ணு காய்ச்சலில் கிடந்தபோது சுடலைமாடனுக்கு ஒரு குட்டி நேர்ந்திருந்தாள். அவன் பிழைத்து எழுந்துவிட்டான். இனிக் கோவில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்கும்வரை குட்டி உயிரோடு இருக்க வேண்டும். இடையில் செத்தால், சாமி புருஷனைக் கைவிட்டதாக ஆகிவிடும்.

சாமிக்கு உள்ளது மற்றவற்றோடு சகதியில் புரளலாமா? அதன் காதில் அடையாளம் வெட்டினாள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிப் புது வைக்கோல் போட்டுத் தனியாக அடைத்தாள். அது கஞ்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கத்தக்கூட இல்லை, மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. கழிச்சல் கண்டு விலா எலும்பு தெரிந்தது.

"ஏளா, நான் காச்சல்ல கெடந்தப்போகூட நீ இப்பிடிப் பக்கத்துலயே உக்காரலியே" என்றான் மாடக்கண்ணு.

"உமக்காவத்தான் உக்காந்திருக்கேன். வாய மூடும்."

"ஒத்தையில கெடந்தா சோறு எறங்குமா? அதுகளோட விட்டுப் பாரு."

விட்டாள். கூடப் பிறந்தவை ஓடி வந்து முகர்ந்தன. முகர்ந்ததும் அயல் பன்றியைக் கண்டதுபோலக் கடித்துக் குதறின. சந்தனமாரி உள்ளே பாய்ந்து குட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்தாள். மஞ்சள் வாடை அவள் மூக்கில் ஏறியது.

குட்டியை வெளியே இறக்கிவிட்டாள். பிறகு போய் அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். மீதிக் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவை கத்தக் கத்த, தலையிலிருந்து வால்வரை தேய்த்தாள்.

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கல்யாண வீடுல்லா இது! எல்லாமே எனக்குத்தான்னு சுடல கேட்டா என்னளா செய்வே?"

"காதப் பாத்து எடுத்துக்கிடச் சொல்லும்."

நேர்ந்த குட்டியை மறுபடி உள்ளே விட்டாள். மற்றவை முகர்ந்து பார்த்தன. வித்தியாசம் ஒன்றும் தெரியாமல் தொட்டிக்குத் திரும்பின. அது பின்னாலேயே போனது. ஒருமுறை தள்ளுண்டு விழுந்தது. எழுந்து, இரண்டின் நடுவே முகத்தை நுழைத்து, முன்னங்கால்களைக் கஞ்சிக்குள்ளேயே வைத்துக்கொண்டு உறிஞ்சத் தொடங்கியது.

"எனக்கும் பசிக்கி" என்றான் மாடக்கண்ணு.

"பைய. இது குடிச்சு முடிக்கட்டும்."

மஞ்சள் கையைத் துடைக்காமலே அவள் அங்கே குத்தவைத்து உட்கார்ந்தாள்.