இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

எங்கள் வீட்டின் அகலம் எட்டரை அடி. நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சிம்மக்கல்லுக்குப் பின்னால் எங்கள் சந்தில் எல்லா வீடும் இப்படித்தான். நாலு சுவரும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இங்கே யாராலும் முடியாது. முன்சுவரும் பின்சுவரும் நம்முடையவை. பக்கவாட்டில் இருப்பவை பக்கத்து வீட்டுக்காரரோடு பொது. அவர் வீட்டு உத்திரமும் நம் வீட்டு உத்திரமும் ஒரே சுவரில்தான் தலை வைத்திருக்கும்.

என் தம்பி இதைப் பிடிக்காமல்தான் கொட்டாம்பட்டி போகிற நாலுவழிச் சாலை ஓரம் மனை வாங்கி வீடு கட்டிப் போனான். சுற்றிலும் மூன்றடி விட்டுக் கட்டிய தனி வீடு. அவனுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஆறு மனை முள்ளுச்செடியோடு காலியாகக் கிடக்கிறது. பொழுது சாயும் முன்பே கேட்டைப் பூட்டிவிடுகிறான். அங்கே போய் ஒரு நாள் தங்கினாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். இங்கே வந்தால் அவன், இந்தப் பொந்தில் எப்படித்தான் இருக்கிறாயோ என்பான். அந்தப் பொந்தில் பிறந்தவன்தானே நீ என்பேன். எங்கள் சந்தில் பக்கத்து வீட்டு அண்ணன் இருமினால் எத்தனை தடவை இருமினார் என்று இங்கிருந்தே எண்ணலாம். எனக்கு அது ஒருநாளும் தொந்தரவாகத் தெரிந்ததில்லை.

அந்த அண்ணன் பருப்பு மொத்த வியாபாரி. போன வருடம் தன் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடிக்குக் குடோன் கட்டப்போவதாகச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேச்சும் போய்விட்டது. அவர் கட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. எட்டரை அடி வீட்டில் வேறு எங்கே போட? அண்ணன் குனிந்து அத்தாவின் கையைப் பிடித்து, சுவரைத் தொடவே மாட்டோம் பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், அத்தாவின் தலைமாட்டில் ஒரு விரிசல் கண்டேன். தலைமுடி அளவுதான். எங்கள் சுவர் அலமாரியின் மேல் மூலையிலிருந்து கிளம்பிக் கூரையைப் பார்த்துப் போயிருந்தது. பயந்துவிட்டேன். விரிசல் என்பதால் மட்டும் இல்லை, அது கிளம்பிய இடத்தால்.

என் வீட்டுக்காரர் இறந்து நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என் சாமான்களை வைக்க இடமில்லை. இந்தச் சந்தில் இடம் வேண்டும் என்றால் சுவரைத்தான் குடைய வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரு சாண் ஆழத்துக்கு அலமாரி உண்டு. எனக்கு ஒரு சாண் போதவில்லை. பக்கத்து வீட்டார் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், அத்தாவும் கடையில் இருந்த நேரம், கொத்தனாரைக் கூப்பிட்டு இன்னும் குடையச் சொன்னேன். கொஞ்சம் வெட்டியவர் நின்றுவிட்டார். அந்தப் பக்கமும் அலமாரி இருக்கிறது போல, சத்தம் மாறுகிறது, போதும் என்றார். நான் விடவில்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்கிற வழக்கம் அப்போதும் எனக்கு இல்லை. நாலு விரல் ஆழம் கூடும் வரை வெட்ட வைத்து, பின்னால் ஒரு பலகை அடித்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அதன் பிறகு நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நினைத்தேன். நினைத்துக்கொண்டே தெருவில் இறங்கிச் சண்டை போட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா, படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷன் மேல் சுவரைத் தள்ளப் பார்க்கிறீர்களா என்று சந்தே கேட்கும்படி கத்தினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுத் தன் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்டு வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடையாதவரை பயமில்லை என்றார்.

அதற்கப்புறம் ஆறு நாள் நான் அந்தக் கண்ணாடியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கண் அங்கே. தொழுகையில் ஸலாம் கொடுக்கத் திரும்பும்போதும் கண் அங்கே. தெருவில் லோடு வண்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அத்தா என் முகத்தைப் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தம்பி போனில், அத்தாவைக் கொண்டுவந்து என் வீட்டில் விடு என்றான். பழகாத இடத்தில் அத்தா இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அத்தா போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். சுவருக்குப் பயந்து போனோம் என்றால் வீட்டைச் சோதிக்க ஆள் வருவார்கள், அலமாரியைத் திறப்பார்கள். இந்த இரண்டு பயத்துக்காக என்னைப் பெற்றவரை அந்தச் சுவருக்குக் கீழேயே படுக்க வைத்திருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் நாள் காலை அண்ணன் வாசலில் வந்து நின்றார். கண்ணாடி உடையவில்லை, வேலையைத் தொடரலாம் என்று மேஸ்திரி சொல்கிறாராம். அவர்கள் பக்கத்து அலமாரியின் மரச்சட்டம் ஒன்றுதான் சுவரில் பாக்கி, அதைப் பெயர்த்தால் முடிந்தது. போகும் முன் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, உங்க பக்கம் அந்த எடத்துல ரொம்ப ஆழமா எதுவும் கொடஞ்சிருக்கா? எங்க பக்கம் ஒரு முழம் இருக்கு, அதான் கேக்குறேன்."

"இல்லண்ணே. எல்லார் வீட்டுலயும் இருக்க மாதிரிதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு முழம். இந்தப் பக்கம் நான் வெட்டியது ஒரு சாணும் நாலு விரலும். சுவரின் மொத்தக் கனமே ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கணக்கு போட வேண்டிய அவசியமே இல்லை. பலகைக்குப் பின்னால் காரைப் பூச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலே இருக்கிற பாரத்தை அந்த மரச்சட்டம்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

முதல் அடி விழுந்தது. அத்தாவின் கட்டில் அதிர்ந்தது. இரண்டாவது அடியில் அலமாரிக்குள் ஏதோ பொலபொலவென்று கொட்டியது. மூன்றாவதில் கண்ணாடி டிக் என்று உடைந்தது. வளையல் உடைகிற சத்தம்தான், அதற்கு மேல் இல்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். செங்கல் குவியல் மேல் ஏறி, மிஷின் இரைச்சலுக்கு நடுவே அண்ணனின் காதருகே போய்ச் சொன்னேன்.

"அடிக்க வேணாம்ணே. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நாந்தான் கொடஞ்சேன். அத்தா அங்கதான் கெடக்காரு."

அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். கையைத் தூக்கி வேலையை நிறுத்தினார். இரண்டு ஆட்களை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினார். மண் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டில் வாசற்படியில் திரும்பாது என்பதால் அத்தாவைப் போர்வையோடு தூக்க வேண்டியிருந்தது. அவர்கள் தூக்குகிற வரை அண்ணன் அலமாரிக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்துச் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றார். ஒரு மனுஷன் தாங்கி நிற்கிற சுவரா அது? கீழே அத்தாவின் முகம், மேலே அந்தக் கை, இரண்டையும் பார்த்துக்கொண்டு யா அல்லாஹ் யா அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வரவில்லை. அத்தாவை வெளியே கொண்டுவந்த பிறகு அவர் கையை எடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்.

எதிர்வீட்டில் அத்தாவைப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். கட்டில் நசுங்கிக் கிடந்தது. தலையணை இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்.

தம்பி மத்தியானம் வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் அண்ணனின் சட்டையைப் பிடித்தான். எங்கள் அத்தாவைக் கொல்லப் பார்த்தாயே என்று சந்துக்கு நடுவில் வைத்துக் கேட்டான். சந்தே கூடி நின்றது. எல்லோரும் அவன் பக்கம்தான். ஒரு வாரத்துக்கு முன் நான் கத்தியது எல்லோர் காதிலும் இருந்தது. அண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

"பழைய சுவரு தம்பி. எங்க ஆளுக கொஞ்சம் பதனமா வேல பாத்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். சுவரை அவரே புதிதாகக் கட்டிக்கொடுத்தார். அத்தா இப்போதும் என்னோடுதான், அதே இடத்தில். இன்றைக்கும் எங்கள் சந்தில் கேட்டால், பருப்புக் கடைக்காரர் பாய் வீட்டுச் சுவரை இடித்துத் தள்ளினார் என்றுதான் சொல்வார்கள். தம்பி அவரோடு பேசுவதில்லை.

அவன் சட்டையைப் பிடித்திருந்தபோது நான் இரண்டடி தள்ளி, அத்தாவின் போர்வையிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.