கண்டத்தை எடுத்துக்கற மீனு

என் மீனு சாகணும்னு எங்க நாத்தனார் சாமிகிட்ட வேண்டிக்கிட்டாங்க. மனசுக்குள்ள இல்ல, வாய் விட்டு. சமையல்கட்டுல நான் நிக்கறேன், என் காதுல விழும்னு தெரிஞ்சேதான் வேண்டினாங்க. "அண்ணாமலையாரே, இதை எடுத்துக்கோ, என் தம்பிய உட்டுடு." என் கையில இருந்த கரண்டிய அப்படியே வீசி எறிஞ்சிடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

செங்கம் ரோட்டுக்குப் பின்னாடி சந்துல எங்க வீடு. மாடி ரூமை ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுவோம். அப்படி ரொம்ப நாள் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பறப்ப இந்த மீனைக் கண்ணாடித் தொட்டியோட என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. அரைகுறை தமிழ்லயும் என் அரைகுறை இங்கிலீஷ்லயும், தண்ணி எப்படி மாத்தணும், தீனி எவ்ளோ கம்மியா போடணும், சீக்கு வந்தா என்ன பண்ணணும், எல்லாம் முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தாங்க. தங்க மீனுதான். உள்ளங்கை நீளம் இருக்கும், வயிறு மட்டும் வெளுப்பு. நான் ஹாலுக்கு வந்தா போதும், கண்ணாடிகிட்ட வந்து உடம்பையே ஆட்டும். பொண்ணு கல்யாணமாகி ஓசூர் போயிட்டா. வீட்டுக்காரர் பேப்பர்ல இருந்து தலையத் தூக்க மாட்டார். இந்த வீட்ல என் மூஞ்சியப் பாத்ததும் ஓடியார்ற ஒரே உசுரு அதுதான். அதுக்குக் கோவமோ குத்தமோ கிடையாது.

வீட்டுக்காரருக்கு டவுன்ல சிமென்ட் கடை. ஐப்பசி மழையில ஒரு நாள் கடையிலயே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டார். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குது, வேலூர் போய் சரி பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அங்க தேதி கார்த்திகை கடைசியிலதான் கெடைச்சுது. அதுவரைக்கும் மாத்திரை, பத்திய சாப்பாடு, உப்பு ரொம்பக் கம்மி. "பயமா இருக்குதாங்க?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஊர்ல ஆயிரம் பேரு பண்ணிக்கறான்"னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சிக்கிட்டார். சரி, மனுசன் தைரியமாத்தான் இருக்கார்னு விட்டுட்டேன்.

தம்பிக்கு முடியலன்னு தெரிஞ்சதும் நாத்தனார் கீழ்பென்னாத்தூர்ல இருந்து ரெண்டு பையோட வந்து எறங்கிட்டாங்க. அவருக்குப் பெரியக்கா, அம்மா மாதிரி வளத்தவங்க. அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா வந்த அன்னிக்கே என் புளி டப்பாவைத் தொறந்து மோந்து பாத்துட்டு மூடி வச்சாங்க பாருங்க, அங்கயே எனக்கு வயிறு எரிஞ்சுது.

அடுத்து அவங்க கண்ணு தொட்டி மேல விழுந்துச்சு. தொட்டில ஒத்த மீனு இருக்கக் கூடாதாம். கூட ஒரு கறுப்பு மீனு வேணுமாம். அதான் வாஸ்துவாம். வீட்டு ஆம்பளைக்கு வர்ற கண்டத்தை அந்தக் கறுப்பு மீனு தன் மேல வாங்கிக்கிட்டு செத்துடுமாம். மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில கறுப்பு மீனு ஒண்ணை கவர்ல போட்டு வாங்கியாந்துட்டாங்க.

"அண்ணி, புது மீனை அப்படியே கலக்கக் கூடாது. கொஞ்ச நாள் தனியா பக்கெட்ல வச்சிப் பாக்கணும். சீக்கு இருந்தா இதுக்கும் ஒட்டிக்கும்"னேன்.

"வீட்டுக்கு வந்த மகாலட்சுமிய பக்கெட்லயா வைப்ப? நல்லா இருக்குதும்மா உன் மரியாத"ன்னு சொல்லிக்கிட்டே, நான் கைய நீட்டறதுக்குள்ள, கவரை அறுத்து, கடைத் தண்ணியோட சேத்து மீனை உள்ள கவுத்துட்டாங்க.

நான் சொன்னதுதான் நடந்துச்சு. கொஞ்ச நாள்ல கறுப்பு மீனு மேல வெள்ளை வெள்ளையா பொட்டு, ரவையை அள்ளித் தெளிச்ச மாதிரி. அப்புறம் ஒரு நாள் காலைல செத்து மெதந்துச்சு. நாத்தனார் முகத்துல சந்தோசம் தாங்கல. "பாத்தியா? தம்பிக்கு வந்ததை எடுத்துனு போயிடுச்சு"ன்னு சொல்லி வாசல்ல தேங்கா உடைச்சாங்க. வீட்டுக்காரர் சிரிச்சார். "அக்கா, நீ சும்மா இரேன், யாராவது கேட்டா சிரிக்கப் போறாங்க"ன்னார்.

தேங்கா சில்லைப் பொறுக்கி முடிக்கறதுக்குள்ள என் மீனு மேலயும் அதே பொட்டு வந்துடுச்சு. துடுப்பை ஒடுக்கிக்கிட்டு அடியில கெடக்கும். திடீர்னு எழுந்து போய் கல்லுல உடம்பைத் தேய்க்கும். நான் கண்ணாடியில கன்னத்தை வச்சிப் பாத்துக்கிட்டே நின்னேன். அழுகை வந்துச்சு. சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதேன்.

"இது ரெண்டாவது கண்டம்"னாங்க நாத்தனார், பின்னாடி நின்னுக்கிட்டு. "இதுவும் போயிடுச்சின்னா தம்பிக்கு முழுசா வெலகிடும். நீ ஒண்ணும் பண்ணாத. அது மேல இருக்கறதை நீ கழுவி விட்டா, அது எங்க போவும்? திரும்ப அவன் மேலதான வரும்?"

"உங்க கறுப்பு மீனு கொண்டாந்த சீக்கு இது, கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல"ன்னு கத்தினேன். அன்னிலருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது, சண்டை வார்த்தை மட்டும்தான்.

வைத்தியத்தை நான் பாட்டுக்கு ஆரம்பிச்சேன். பைப்புத் தண்ணியில பிளீச்சிங் வாடை வரும், அதை நேரா ஊத்தினா மீனு செவுளு வெந்துடும். அதனால ஒரு டிரம்முல தண்ணி புடிச்சி, அதுலயும் காத்துக் குமிழி விட்டு, தொட்டிக்குப் பக்கத்துலயே வைப்பேன், ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுல இருக்கணும்னு. தினம் கால்வாசி மட்டும் மாத்துவேன். மொத்தமா மாத்தினா சீக்குல சாகாட்டியும் அதிர்ச்சியில செத்துடும். அடியில குழாய் வச்சி அழுக்கை உறிஞ்சி எடுப்பேன், சீக்கோட விதை அங்கதான் கெடக்கும். கல்லு உப்பை அளந்து சொம்புல நல்லாக் கரைச்சி, ஒரே அடியா இல்லாம, கொஞ்சங் கொஞ்சமா ஊத்துவேன். மாத்தின தண்ணிக்கு எவ்ளோவோ அவ்ளோதான் மறுபடி உப்பு. மீனு கடைக்காரன்கிட்ட மருந்து கேட்டா, தொட்டி எத்தனை லிட்டர்னு கூட கேக்காம "ஒரு மூடி ஊத்துக்கா"ன்னான். உன் மூடிய நீயே வச்சிக்கோன்னு வந்துட்டேன். தீனியக் கம்மி பண்ணிட்டேன். தொட்டியில குமிழி விடற காத்து மோட்டாரை மட்டும் நிறுத்தவே கூடாது. இந்தச் சீக்குல செவுளு அடைச்சிக்கும், மூச்சுக்கே அது தவிக்கும்.

"தம்பி சோத்துல உப்பைப் புடுங்கிட்டு மீனுக்குக் கை நெறையப் போடறா பாரு" - இது நாத்தனார், பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி.

"உங்க தம்பி தொட்டிக்குள்ள எறங்கட்டும், அவருக்கும் போடறேன்" - இது நான்.

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாடி. அப்பப்ப பேப்பரை எறக்கித் தொட்டியப் பாப்பார், மறுபடி தூக்கிக்குவார்.

வேலூர் போற நாளு நெருங்க நெருங்க, என் மீனு தேறிக்கிட்டு வந்துச்சு. பொட்டு உதுந்துடுச்சு. உதுந்தா போச்சுன்னு அர்த்தமில்ல, தண்ணியில ஒளிஞ்சிருக்கும், அதனால வைத்தியத்தை நிறுத்தல. ஆனா துடுப்பை விரிச்சி நீந்துச்சு. ஒரு நாள் நான் கிட்ட போனதும் தள்ளாடிக்கிட்டே கண்ணாடிக்கு வந்துச்சு பாருங்க, "வாடி என் தங்கமே"ன்னு கூவிட்டேன். திரும்பிப் பாத்தா அக்காவும் தம்பியும் எழவு வீட்ல உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்காங்க.

அடுத்த நாள் மாடியில துணி காயப்போட்டுட்டு கீழ வர்றேன், ஹால்ல அக்காவும் தம்பியும் இருந்தும் சத்தமே இல்ல. மோட்டார் நின்னிருக்குது. பிளக்கு தரையில கெடக்குது. மீனு மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது. ஓடிப் போய் மாட்டினேன். அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பினேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். கொலைகாரின்னு சொன்னேன். சோறு போட்ட வீட்ல உசுரு எடுக்க வந்தியான்னு ஒருமையில கேட்டேன். ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்ற பொம்பள அது. அன்னிக்கு மட்டும் தலையக் குனிஞ்சிக்கிட்டு, "ஆமா, நான்தான் புடுங்கினேன்"னாங்க. அவ்வளவுதான். வீட்டுக்காரர் எழுந்து ரூமுக்குள்ள போயிட்டார்.

பிளக்கை மாட்டி, சுத்தி கறுப்பு டேப்பு ஒட்டினேன். இனிமே எவ தொடறான்னு பாக்கறேன்னு உரக்கச் சொல்லிக்கிட்டேதான் ஒட்டினேன்.

வேலூருக்குக் கெளம்பறதுக்கு முந்தின நாள். காலையில நாத்தனார் கோயிலுக்குப் போயிருந்தாங்க. நான் காய் வாங்கப் போனவ, பையை மறந்துட்டு பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு சாத்தித்தான் இருந்துச்சு, தள்ளினேன். வீட்டுக்காரர் தொட்டிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு நகத்தால டேப்பைச் சுரண்டிக்கிட்டு இருந்தார். உறிச்ச டேப்பு பாதி, விரல்ல ஒட்டித் தொங்குது.

என்னைப் பாத்தும் அவர் எழுந்துக்கல.

"என்னாங்க இது?"ன்னேன்.

"பயமா இருக்குதுடி"ன்னார். இந்த ஆளு வாயில இருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. "அக்கா சொல்றது பொய்னு தெரியுது. ஆனா அது தேறத் தேற எனக்கு நெஞ்சு அடைக்குது. நாளைக்கு நான் போய்ப் படுக்கணும். ஒருவேளை நெஜமா இருந்துட்டா?"

"அன்னிக்கும் நீங்கதானா?"

தலையாட்டினார்.

பாவமா இருந்துச்சு. அதை விட ஜாஸ்தி ஆத்திரமா இருந்துச்சு. "யோவ், வாயைத் தொறந்து பயமா இருக்குதான்னு கேட்டேனே, அப்ப சொல்றதுக்கு என்னய்யா? என்கிட்ட சொல்லாம ஒரு வாயில்லா ஜீவன் மூச்சை நிறுத்தப் போனியா?"ன்னு கத்திக்கிட்டே அவர் கையைத் தட்டி விட்டேன். அவர் விரல்ல ஒட்டி இருந்த டேப்பையும் உறிச்சி எறிஞ்சேன். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அவரை யோவ்னு கூப்பிட்டது அது ஒண்ணுதான்.

நாத்தனார் எப்ப வந்தாங்கன்னு தெரியல. திருநீறு மடிச்ச காகிதத்தோட வாசப்படியில நின்னாங்க. ஒரு பார்வையில எல்லாம் புரிஞ்சிடுச்சு அவங்களுக்கு. இல்ல, முன்னாடியே தெரியும். அதான் அன்னிக்குப் பழியத் தான் எடுத்துக்கிட்டாங்க.

"ஏன் நீங்கன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"மீனு தானா செத்தா கண்டத்தை எடுத்துனு போவும். அவன் கொன்னா பாவம்தான ஒட்டும்? ஆஸ்பத்திரில படுக்கப் போறவன் தலையில அது வேறயா? என் தலையிலயே இருக்கட்டும்னுதான்"னாங்க. அப்புறம் தம்பிகிட்ட போய் நெத்தியில திருநீறு பூசிவிட்டாங்க. அவர் சின்னப் புள்ளை மாதிரி கண்ணை மூடிக்கிட்டார். "இப்ப இது சாகக் கூடாது. செத்தா உன் கை பட்டதாலன்னு ஆயிடும்"னு அவர்கிட்ட சொல்லிட்டு, என் பக்கம் திரும்பினாங்க. "நீ அவன் கூட போ. இதை நான் பாத்துக்கறேன். என்னா பண்ணணும்னு சொல்லு."

நம்பிக்கையா? ஒரு துளி இல்ல. ஆனா வேற வழியும் இல்ல. பொண்ணு கைக்குழந்தையோட இருக்கா, வீட்டைப் பாத்துக்க வேற ஆளில்ல. அன்னிக்கு முழுக்க உப்பு கரைக்கறதையும் தண்ணி மாத்தறதையும் சொல்லிக் குடுத்தேன். "இவ்ளோ போதுமா?" "போதும்னு சொல்றேன்ல?" "கத்தாம சொல்லேன்." அப்படியே சாயந்திரம் ஆச்சு.

வேலூர்ல அடைப்பை எடுத்து உள்ள ஸ்டென்ட் வச்சாங்க. நல்லபடியா ஆச்சு. நாத்தனார் போன் பண்ணும்போதெல்லாம் தம்பியைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. மீனைப் பத்தி அவங்களா சொல்லல, நான் கேக்கவும் இல்ல. கேக்கற தைரியம் எனக்கில்ல.

திரும்பி வந்து வண்டிய விட்டு எறங்கினதும் நான்தான் முதல்ல உள்ள போனேன். மோட்டார் ஓடுது. தண்ணி பளிச்சுனு இருக்குது. பிளக்கு மேல டேப்பு மேல டேப்பா உருண்டை மாதிரி ஒட்டி, அதுக்கு மேல மஞ்சக் கயிறு வேற கட்டியிருந்தாங்க. மீனு நல்லா இருந்துச்சு. உப்புத் தண்ணியில ஊறி நாத்தனார் விரல் நுனியெல்லாம் வெடிச்சிருந்துச்சு. "இந்தா, உன் மீனு"ன்னு சொல்லிட்டு பையைத் தூக்கிக்கிட்டாங்க. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க அண்ணின்னேன். "உன் காபியும் நீயும்"னாங்க. ஆனா குடிச்சிட்டுத்தான் கீழ்பென்னாத்தூர் பஸ் புடிக்கப் போனாங்க.

வீட்டுக்காரர் மெல்ல சுவரைப் புடிச்சிக்கிட்டு ஹாலுக்கு வந்தார். அவர் நாற்காலி தொட்டிக்கு எதிர்லதான் இருக்குது. உக்காந்தார். என் மூஞ்சியைப் பாத்தா மட்டும்தான் ஓடியாரும்னு நான் பீத்திக்கிட்டு இருந்தேனே, அந்த மீனு அவரைப் பாத்ததும் கண்ணாடிக்கு ஓடி வந்து உடம்பையே ஆட்டுச்சு. தீனி போடுவார்னு நெனைச்சிருக்கும். அதுக்கு என்ன தெரியும்?

அவர் நாற்காலியைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார். இன்னிக்கும் அப்படித்தான் உக்கார்றார். அது இன்னிக்கும் ஓடி வருது.